வீடியோ எடிட்டிங்குக்குப் பழைய டெஸ்க்டாப்: ஆபீஸ் டவரா, ஸியானா, அசெம்பிள்டா, மேக் மினியா?

செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஐ5-ஆ, ஐ7-ஆ?" வீடியோ எடிட்டிங்குக்கு அந்தக் கேள்வி இரண்டு படி தள்ளித்தான் வரவேண்டும். 2013-இல் வந்த ஐ7-4770-இல் நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). 2018-இல் வந்த ஐ5-8500-இல் ஆறு கோர், ஆறு திரெட். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தால் முதலாவதுதான் பெரியது. போனில் எடுத்த 4கே வீடியோவை டைம்லைனில் போட்டு இழுத்துப் பார்த்தால் முதலாவது திணறும், இரண்டாவது ஓடும். இதற்குக் கோர் எண்ணிக்கை பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தச் சிப்புக்குள் ஒளிந்திருக்கும் வீடியோ பகுதி. ஸ்டிக்கரில் அதைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது.

இங்கே ஒப்பிடுவது நான்கு வகை. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப். இன்டெலின் சர்வர் வகை ஸியான் பிராசஸர் போட்ட ஒர்க்ஸ்டேஷன். யாரோ அசெம்பிள் செய்து இப்போது விற்கும் பெட்டி. ஆப்பிளின் எம்1 மேக் மினி. மானிட்டர் நீங்கலாக முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய பட்ஜெட் என்று வைத்துக்கொள்வோம். வேலை: சமையல் சானல், பள்ளி ஆண்டு விழா, சொந்தத்தில் நடக்கும் கல்யாணம், ஊர்த் திருவிழா. சினிமா வேலை இல்லை.

கேமரா என்ன எழுதுகிறது

போனும் சிறிய கேமராக்களும் எச்.264 அல்லது எச்.265 வடிவில் பதிகின்றன. எச்இவிசி என்று எழுதியிருந்தால் அதுவும் எச்.265-தான். இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம். இடையில் வருபவை எல்லாம் அக்கம்பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். கோப்பு சிறுப்பதும் இதனால்தான், எடிட்டிங் கனப்பதும் இதனால்தான். டைம்லைனின் நடுவில் ஓரிடத்தைக் கிளிக் செய்தால், அந்த ஒற்றை ஃபிரேமைக் காட்டவே கணினி பின்னால் போய் முழுப் படத்தை எடுத்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே வீடியோ எடிட்டிங்கில் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

இந்தக் கணக்குக்கென்றே சிப்புக்குள் தனிச் சர்க்யூட் உண்டு. இன்டெலில் அதன் பெயர் குவிக் சிங்க். 2011-இல் இரண்டாம் ஜெனரேஷனோடு வந்தது (ஐ5-8500 என்பதில் 8 எட்டாம் ஜெனரேஷனைக் குறிக்கும், ஐ5-12400-இல் 12 பன்னிரண்டாவதை). அப்போது எச்.264 மட்டும். 8-பிட் எச்.265-ஐ முழுதாக டிகோட் செய்யும், அதாவது கோப்பைப் படமாக விரிக்கும் திறன் ஆறாம் ஜெனரேஷனில் வந்தது, நிற நுணுக்கம் கூடிய 10-பிட் எச்.265 ஏழாம் ஜெனரேஷனில். டெஸ்க்டாப்பில் எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் வீடியோ விஷயத்தில் ஒன்றுதான்; மூன்றிலும் யுஎச்டி 630 கிராபிக்ஸ். நிறத் தகவலை அதிகமாக வைக்கும் 4:2:2 வகையில் பதியும் 10-பிட் எச்.265 பதினோராம் ஜெனரேஷனில்தான் சேர்ந்தது. ஒரு வடிவம் சர்க்யூட்டில் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அரைகுறை கிடையாது. இல்லாதபோது முழுப் பாரமும் சிபியு தலையில் விழும்.

இதை உங்கள் கேமராவோடு பொருத்திப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் எச்டிஆர் போடாமல் எடுத்தால் பெரும்பாலும் 8-பிட். ஐபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ ஆனில் இருந்தால் 10-பிட் எச்.265, ஆறாம் ஜெனரேஷன் இங்கேயே தோற்றுவிடும். சோனி ஏ6400 போன்ற கேமரா 8-பிட் எச்.264 எழுதும், பழைய சிப்பும் தாங்கும். சோனி ஏ7 4, கேனன் ஆர்6 வகையில் 10-பிட் 4:2:2 வைத்து எடுப்பவர்களுக்கு நிலைமை வேறு. பழைய இன்டெல் மட்டுமல்ல, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும் 4:2:2-ஐ டிகோட் செய்யாது. அவர்கள் பதினொன்று அல்லது பன்னிரண்டாம் ஜெனரேஷன் இன்டெல், இல்லையென்றால் எம்1 மேக் என்று முடிவு செய்துகொண்டு மேலே படிக்கலாம். பன்னிரண்டிலும் ஒரு நுணுக்கம்: ஐ5-12400-இல் உள்ள யுஎச்டி 730-க்கு வீடியோ இன்ஜின் ஒன்று, ஐ5-12500-இன் யுஎச்டி 770-க்கு இரண்டு. விலை வித்தியாசம் சிறிதென்றால் பின்னதை எடுங்கள்.

எந்த மென்பொருள்

பிரீமியர் புரோ இந்தச் சர்க்யூட்டை நன்றாகப் பயன்படுத்தும். டாவின்சி ரிசால்வ் இலவசம் என்பதால் எல்லோரும் அதைத்தான் இறக்குகிறார்கள். ஆனால் விண்டோஸில் எச்.264, எச்.265 கோப்புகளுக்கு ஹார்டுவேர் டிகோடிங்கின் முழுப் பயன் 295 டாலர் கொடுத்து ஒரே தடவை வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான். மேக்கில் இலவசப் பதிப்பே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். லினக்ஸில் இலவச ரிசால்வ் எச்.264 கோப்பைத் திறக்கவே திறக்காது. லினக்ஸ் போட்டால் விண்டோஸ் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

ரிசால்வின் இன்னொரு குணம்: நிறத் திருத்தம், எஃபெக்ட் எல்லாவற்றையும் கிராபிக்ஸ் கார்டில் செய்யும். தனிக் கார்டு இல்லாத யுஎச்டி 630-இல் அதை நம்பி உட்காரக்கூடாது. 1080பி டைம்லைனுக்கு 4 ஜிபி கார்டு நினைவகம், 4கே டைம்லைனுக்கு 8 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். கேடென்லைவும் ஷாட்கட்டும் பெரும்பாலும் சிபியுவை நம்பியே ஓடுபவை. அங்கே கார்டில் போடும் பணம் அவ்வளவாகப் பேசாது, கோர்தான் பேசும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வழி இருக்கிறது: பிராக்ஸி. 4கே கோப்புகளுக்கு ஈடாகச் சின்ன நகல் செய்துகொண்டு அதில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் அசலை எடுப்பது. ஆப்பிளின் புரோரெஸ் பிராக்ஸி வடிவில் 1080பி, 30 ஃபிரேமுக்கு நொடிக்குச் சுமார் 45 மெகாபிட். ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு ஏறக்குறைய 20 ஜிபி. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம் என்பதால் பழைய ஐ5-கூட இதை முணுமுணுக்காமல் ஓட்டும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு இரவே பிராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியே போதும். எடுத்த கையோடு வெட்டி அன்றைக்கே யூடியூபில் ஏற்றுகிறவருக்கு அது சரிப்படாது.

ஆபீஸ் டெஸ்க்டாப்

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான பதில். எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழே இறங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெலில் அதிகாரபூர்வமாகப் போட எட்டாம் ஜெனரேஷன் வேண்டும்; ஏழாவதில் விதிவிலக்குகள் மிகச் சில. கடைக்காரர் ஆறாம் ஜெனரேஷனில் விண்டோஸ் 11 ஓடுவதைக் காட்டுவார். கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போட்டது அது. அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

தேட வேண்டிய பெயர்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060 எட்டாம் ஜெனரேஷன், 70-இல் முடிபவை ஒன்பது, 80-இல் முடிபவை பத்து. எச்பி எலைட்டெஸ்க் 800-இல் ஜி4, ஜி5, ஜி6 என்று அதே வரிசை. லெனோவோவில் திங்க்சென்டர் எம்720, எம்920. ஆப்டிபிளெக்ஸ் 3060-இல் ரேம் ஸ்லாட் இரண்டுதான். 5060, 7060 டவரில் நான்கு. எலைட்டெஸ்க் 800 ஜி4-இல் எஸ்எஸ்டிக்கு எம்.2 ஸ்லாட் இரண்டு இருப்பது எடிட்டருக்குப் பெரிய வசதி.

மாடல் எண்ணைவிட உடம்பின் அளவு முக்கியம். ஒரே 7060 மூன்று உடம்பில் வரும். டவரில் 260 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பகுதி), முழு உயரக் கிராபிக்ஸ் கார்டு நிற்கும், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் உண்டு. எஸ்எஃப்எஃப் என்னும் சின்னப் பெட்டியில் 200 வாட், பாதி உயரக் கார்டு மட்டும். சில மாடலில் ஸ்லாட்டுக்குப் பக்கத்திலேயே எஸ்எம்பிஎஸ் உட்கார்ந்திருப்பதால் இரட்டைத் தடிமன் கார்டு நுழையாது. மைக்ரோவில் கார்டுக்கே வழியில்லை. உள்ளே இருப்பதும் பெரும்பாலும் டி என்று முடியும் 35 வாட் சிப். ஐ5-8500-இன் அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ், ஐ5-8500டி-யுடையது 2.1. விற்பவர்கள் இரண்டையும் "ஐ5 எய்த் ஜென்" என்றே சொல்வார்கள். மேசையில் இடமில்லாதவர் தவிர மற்றவர்கள் டவரையே கேளுங்கள். சந்தையில் எஸ்எஃப்எஃப்தான் குவிந்து கிடக்கும், டவருக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஐ5-8500-க்கும் ஐ7-8700-க்கும் கோர் ஆறுதான். ஐ7-இல் திரெட் பன்னிரண்டு. எக்ஸ்போர்ட் நேரத்தில் அந்த வித்தியாசம் தெரியும், வெட்டும்போது அவ்வளவாகத் தெரியாது. பத்தாம் ஜெனரேஷனில் ஐ5-10500-க்கே ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஐ7-8700-உம் ஐ5-10500-உம் ஒரே விலைக்கு நின்றால் வயது குறைந்ததை எடுப்பது நல்லது.

இந்தப் பெட்டிகளின் குறை, உள்ளுறுப்புகள் கம்பெனிக்கே உரியவை. எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் தொங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகச் சேராது. மதர்போர்டு இணைப்பான் வேறு. அசல் ஃபேனைக் கழற்றி வேறு போட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபேன் பிழை என்று நின்று எஃப்1 அழுத்தச் சொல்லும். இந்தத் தலைவலியெல்லாம் எப்போதோ ஒரு முறை வருவது. அன்றாடம் இவை சத்தமில்லாமல் ஓடும், கரண்டும் குறைவாகவே தின்னும்.

ஸியான் ஒர்க்ஸ்டேஷன்

எச்பி இசட்440-உம் டெல் பிரிசிஷன் டி5810-உம் பார்க்கவே கம்பீரமானவை. இசட்440-இல் எட்டு ரேம் ஸ்லாட், 700 வாட் எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி 6-பின் கேபிள். கருவி இல்லாமலே கழற்றலாம். உள்ளே இ5-2680 வி4 இருந்தால் பதினான்கு கோர். "பதினான்கு கோர், 32 ஜிபி ரேம்" என்ற விளம்பரத்தைப் பார்த்த கை சும்மா இருக்காது.

எடிட்டிங்கில் இது ஏமாற்றுவதற்குக் காரணங்கள் உண்டு. இ5 வரிசை ஸியானில் கிராபிக்ஸே இல்லை, அதனால் குவிக் சிங்க் இல்லை. எச்.265 டிகோட் முழுவதும் கார்டின் பொறுப்பு. இவற்றோடு வரும் பழைய குவாட்ரோ கே2200-க்கு எச்.265 டிகோட் தெரியாது. ஆகவே முதல் நாளே கார்டை மாற்றியாக வேண்டும். அடுத்து, அந்தப் பதினான்கு கோரும் மெதுவானவை: அடிப்படை 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3. ஐ5-8500 உச்சத்தில் 4.1 தொடும், புதிய கட்டமைப்பும்கூட. டைம்லைனில் இழுப்பது, டைட்டில் தட்டுவது, பல எஃபெக்ட்டுகள் எல்லாம் ஒன்றிரண்டு கோரின் வேகத்தையே நம்பியவை. விண்டோஸ் 11 பட்டியலிலும் இவை இல்லை.

கரண்டையும் கணக்கில் எடுங்கள். ஆபீஸ் டவரைவிட 100 வாட் கூடுதலாக எடுத்தால், தினம் நான்கு மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 24 யூனிட் ஏறும். அடுத்த ஸ்லாபைத் தொட்டுவிடும் வீடுகளில் அது வெறும் 24 யூனிட் விஷயமாக நிற்காது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். ஆபீஸ் டவருக்கும் மானிட்டருக்கும் அது தாராளம். எக்ஸ்போர்ட் ஓடும் நேரத்தில் கரண்டு போனால் ஒர்க்ஸ்டேஷன் அதைக் கவிழ்த்துவிடலாம்.

இதை யார் வாங்கலாம்? ஆர்டிஎக்ஸ் 2060, 3060 போன்ற பெரிய கார்டு கையில் வைத்திருப்பவர். ரிசால்வில் நிறத் திருத்தமும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் அதிகம் செய்பவர். பிளெண்டரில் சிபியு ரெண்டர் போடுபவர். அவர்களுக்கும் இ5-2680-ஐவிட ஆறு கோர் இ5-1650 வி4 உகந்தது: அடிப்படையே 3.6 கிகாஹெர்ட்ஸ். சர்வரிலிருந்து கழற்றிய ஈசிசி ரெஜிஸ்டர்டு ரேம் இவற்றில் பொருந்தும் என்பது உண்மையான லாபம். அதே ரேம் ஆபீஸ் டெஸ்க்டாப்பில் ஓடாது. இதற்கு முந்தைய இசட்420, டி3600 வகை டிடிஆர்3 காலத்தவை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அசெம்பிள்டு பெட்டி

இந்த வகையில் நல்லதும் மோசமும் ஒரே விலைக்குக் கிடைக்கும், பிரித்தறியத் தெரிந்தால் மட்டுமே இறங்கவேண்டும். ரைசன் 5 3600, பி450 போர்டு, பெயருள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்று ஒரு மாணவர் பில்லோடு விற்றால், அது மேலே சொன்ன எல்லாவற்றையும் அடித்துவிடும். எது போனாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று கிடைக்கும்.

ஆன்லைனில் "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று மின்னும் விளக்குகளோடு வருபவை வேறு ரகம். திறந்தால் 2012 காலத்து ஐ7-3770, பெயரில்லா எச்61 போர்டு, ஜிடி 730 கார்டு. கண்ணாடிக் கேபினட் மட்டும்தான் புதிது. இன்டெல் சிப் பெயர் எஃப் என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-9400எஃப், 10400எஃப், உள்கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. விளையாட்டுக்கு அது குறையல்ல. எடிட்டிங்குக்கு எஃப் இல்லாததைத் தேடுங்கள்.

எம்1 மேக் மினி

2020 நவம்பரில் வந்தது. எச்.264-உம், 10-பிட் 4:2:2 உட்பட எச்.265-உம் இதன் சர்க்யூட்டில் அடங்கும். முழு வேகத்தில் ஓடினாலும் ஆப்பிள் கணக்குப்படி அதிகபட்சம் 39 வாட். ஐபோன் ஃபுட்டேஜை வெட்டுவதில் இந்தப் பட்ஜெட்டில் இதற்கு ஈடு இல்லை. ஏப்ரல், மே வெயிலில் ஏசி இல்லாத அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். புரோரெஸுக்கான தனி இன்ஜின் மட்டும் எம்1-இல் இல்லை; அது எம்1 புரோவிலும் எம்2-விலும் வந்தது.

தயங்க வேண்டியது ரேமில். 8 ஜிபி அல்லது 16 ஜிபி, வாங்கிய அளவே கடைசி வரை; ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டியவை. முப்பதாயிரத்தைச் சுற்றி அகப்படுவது பெரும்பாலும் 8 ஜிபி, 256 ஜிபி. 1080பி-க்கும் எளிய 4கே-க்கும் அது ஓடும். ரிசால்வில் ஃபியூஷன் எஃபெக்ட் அடுக்கினால் நினைவகம் நிரம்பி எஸ்எஸ்டியை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். எஸ்எஸ்டி தேய்ந்தால் மாற்ற முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஃபுட்டேஜுக்கு வெளி எஸ்எஸ்டி கட்டாயம். இன்டெல் மேக் எதையும் தொட வேண்டாம்: மேக்ஓஎஸ் 26-தான் இன்டெலுக்குக் கடைசி, அதுவும் சில மாடலுக்கு மட்டும்.

பழைய மேக்கில் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு கட்டிய ஆக்டிவேஷன் லாக். இன்னொன்று, கம்பெனி நிர்வாகப் பதிவு. இரண்டாவது அன்றைக்குத் தெரியாது. அழித்து மறுபடி நிறுவி இணையத்தில் சேர்த்ததும் "இந்தக் கணினி இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று திரை வரும். ஆகவே விற்பவர் கண்ணெதிரே முழுதாக அழித்து, வைஃபையில் இணைத்து, புதுப் பயனர் திரை வரை போய்ப் பார்த்த பிறகே காசு.

கிராபிக்ஸ் கார்டு

ஆபீஸ் டவரின் ஸ்லாட் வழியாகக் கிடைக்கும் மின்சாரம் 75 வாட். அதற்குள் அடங்கி, தனி கேபிள் கேட்காத கார்டுதான் அதற்கு ஆகும். ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, செகண்ட் ஹேண்டில் பொதுவான தேர்வு. 6-பின் கேட்கும் வகையும் உண்டு, மேல்விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட், பாதி உயரத்திலும் வருகிறது. பணம் இருந்தால் இதுவே மேல். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யும் குவாட்ரோ பி2000-உம் இன்னும் வேலை செய்யும். ஆனால் அவற்றின் பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசையோடு புது டிரைவர் நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தொடரும்.

ஜிடி 1030-ஐயும் ரேடியான் ஆர்எக்ஸ் 6400-ஐயும் எடிட்டிங்குக்கென்று வாங்காதீர்கள். இரண்டிலும் வீடியோ என்கோடர் கிடையாது, எக்ஸ்போர்ட்டில் கை கொடுக்காது.

6-பின் கார்டை வாங்கினால், டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளிலிருந்து ஒரு அடாப்டர் போட்டுக் கொடுப்பார்கள். சாட்டா இணைப்பானின் 12 வோல்ட் வரம்பு 54 வாட். 6-பின் வரம்பு 75. நாலு மணி நேர ரெண்டரில் அந்தப் பிளாஸ்டிக் உருகிவிடலாம்.

கார்டு போட்டதும் பல பெட்டிகளில் உள்கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும், குவிக் சிங்க்கும் கூடவே போய்விடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) மல்டி டிஸ்ப்ளே என்ற மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 இரண்டும் தெரிகிறதா என்று பாருங்கள்.

ரேமும் டிஸ்க்கும்

16 ஜிபி அடிப்படை. ரிசால்வில் ஃபியூஷன் தொடுபவருக்கு 32. ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. இரட்டைச் சேனலில் ஓடும், உள்கிராபிக்ஸ் ரேமையே கடன் வாங்குவதால் அதற்கும் நேரடிப் பயன். நான்கு ஸ்லாட் உள்ள பெட்டியில் பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

ஐபோனில் 4கே 30 ஃபிரேம் எச்.265-இல் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, எச்.264-இல் 350 எம்பி. நொடிக்கு 100 மெகாபிட் எழுதும் கேமராவில் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா வைத்து மூன்று மணி நேரம் எடுத்தால் 270 ஜிபி. கடையில் கொடுக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருளும் மட்டும் இருக்கட்டும். நடக்கும் வேலைக்கும் மென்பொருள் எழுதும் தற்காலிகக் கோப்புகளுக்கும் (கேஷ்) தனியாக 1 டிபி எஸ்எஸ்டி புதிதாக வாங்குங்கள். சாட்டா போதுமா, என்விஎம்இ வேண்டுமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை: 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி 500-க்கு மேல் தரும். முடிந்த வேலையை வைக்கத்தான் ஹார்ட் டிஸ்க். அதிலும் ஒரே பிரதியாக வைக்கக்கூடாது.

கடையில் சோதிப்பது

ஒரு பென் டிரைவில் சிபியு-இசட், ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஓசிசிடி, விஎல்சி, கூடவே உங்கள் கேமராவில் எடுத்த இரண்டு மூன்று கிளிப். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

முதலில் பயாஸுக்குள் போங்கள்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். டெல்லின் சர்வீஸ் டேக்கை அதன் தளத்தில் போட்டால் எந்தத் தேதியில் எந்த உறுப்புகளோடு அனுப்பப்பட்டது என்று காட்டும். பிறகு விண்டோஸில் சிபியு-இசட்: சிப்பின் முழுப் பெயர், கடைசி எழுத்து உட்பட, ரேம் இரட்டைச் சேனலா என்பதும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஹார்ட் டிஸ்க்குக்கு 05, சி5 (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய பகுதிகளின் எண்ணிக்கை) இரண்டு வரியும் பூஜ்யமாக இருக்கவேண்டும். எஸ்எஸ்டிக்கு ஆரோக்கியச் சதவீதம்.

ஓசிசிடியில் பதினைந்து நிமிடம் சிபியுவை வறுத்தெடுங்கள். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டி வேகம் அடிப்படைக்குக் கீழே இறங்கினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஃபேன் சோர்ந்திருக்கும். பேஸ்ட் மலிவு, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கடையின் ஏசியில் 80 காட்டுவது வீட்டில் மே மாதத்தில் 80 காட்டாது என்பது நினைவிருக்கட்டும். கார்டுக்குத் தனியாகப் பத்து நிமிடம். திரையில் புள்ளியோ கோடோ வந்தால் அதோடு நிறுத்துங்கள். ஜிபியு-இசட்டில் பெயருக்கு முன்னால் போலி என்ற குறி வந்தால், பழைய கார்டுக்கு பயாஸ் மாற்றி, உதாரணமாக ஜிடிஎக்ஸ் 550 டிஐ-ஐ 1050 டிஐ என்று, விற்கிறார்கள் என்று பொருள். ஆர்எக்ஸ் 580 என்று கொடுப்பதில் 2304-க்குப் பதில் 2048 ஷேடர் (கார்டின் கணக்கிடும் அலகு) இருக்கும் வகையும் சுற்றுகிறது.

கடைசியாக உங்கள் கிளிப்பை விஎல்சியில் ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் வரைபடத்தைப் பாருங்கள். அது ஏறி, சிபியு அடியிலேயே கிடந்தால் சர்க்யூட் வேலை செய்கிறது. அது சும்மா இருக்க சிபியு 80, 90 என்று போனால், உங்கள் ஃபுட்டேஜ் அந்தச் சிப்புக்கு எட்டாதது, அல்லது டிரைவர் சரியில்லை. போனில் எடுத்த கிளிப்பில் வாய் அசைவும் குரலும் போகப்போக விலகினால் அதற்குக் கணினியைத் திட்டாதீர்கள். போன்கள் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிகின்றன. ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் போட்டால் சரியாகும்.

பெட்டியைத் திறந்து, போர்டில் கெப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கிறதா, பின்புற இணைப்பான்களில் கடற்காற்றுத் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா யுஎஸ்பியிலும் பென் டிரைவைச் செருகுங்கள். ஆபீஸ் பெட்டிகளில் பல சமயம் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட்தான். மாற்று கேபிளைப் பேரத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். மாடல், சீரியல் எண், டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்ற மூன்றும் பில்லில் எழுதியிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். கம்பெனிப் பெட்டிகளில் லைசென்ஸ் சாவி பெரும்பாலும் பயாஸிலேயே பதிந்திருக்கும், தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லையென்றால் கடையில் ஓடியது கள்ள ஆக்டிவேஷனாக இருக்கலாம். டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் கேளுங்கள்.